தண்ணீர்க் கணக்கில் தேர்ச்சி

பணத்தை அளவின்றிச் செலவு செய்கிறவனைப் பார்த்து, "தண்ணீராய்ச் செலவழிக்கிறான்" என்று சொல்லுவது நமது வழக்கம். இந்த வழக்கு ஏற்பட்ட காலத்தில் ஆறுகளில் வெள்ளம் நிறைய ஓடியிருக்க வேண்டும். கிணறுகளில் கைக்கெட்டும் ஆழத்தில் ஜலம் இருந்திருக்க வேண்டும். எண்ணிப் பாராமல் அள்ளிக்கொள்ளக் கூடிய பொருளுக்கு உவமானம் தேடியபோது, நம் முன்னோர்களுக்குத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை. இக்காலத்திலோ தண்ணீரையே பணத்தைப் போல் எண்ணிச் செலவழிக்க வேண்டிய நிலைமை உலகத்தின் பல நகரங்களுக்கு வந்துவிட்டது. எண்ணுவதற்கென்றே தனியாகப் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். படிப்பு என்று வந்துவிட்டால் அதன் பின்னாலேயே பரீட்சையும் வந்துவிடும் அல்லவா? அந்தப் பரீட்சையைப் பற்றித்தான் இவ்வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறோம்.

அமெரிக்காவில் 1881-ஆம் ஆண்டில் செயின்ட் லூயிஸ் நகரில் தோன்றிய நீர்விநியோகச் சங்கம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கன் வாட்டர் ஒர்க்ஸ் அசோசியேஷன் என்பது அதன் பெயர். கலிபோர்னியா, நெவாடா ஆகிய இரு ராஜ்யங்களுக்கும் சேர்ந்த அதன் கிளை, நகரங்களில் தண்ணீரைத் திறம்படப் பயன்படுத்தும் கலையில் பரீட்சை வைத்து, தேறியவர்களுக்கு மூன்று படிகளில் சர்ட்டிபிகேட் வழங்கி வருகிறது. ஜலத்தைச் சுத்தி செய்கிறவர்களும், குழாய்களைப் பராமரிக்கிறவர்களும் சட்டப்படி தகுதிச் சீட்டுப் பெற்றிருக்க வேண்டும் என்பது கலிபோர்னியாவில் பழைய ஏற்பாடு. தண்ணீரைக் கொண்டுவந்து கொடுப்பதற்குத்தான் வித்தை வேண்டும் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். கொண்டுவந்ததை வீணாகாமல் காப்பதற்கும் அதே அளவு வித்தை வேண்டும் என்பது பிற்பாடு ஏற்பட்ட ஞானம்.

"இதற்கு என்ன ஐயா பரீட்சை? குழாயை மூடு என்று சொன்னால் போதாதா?" என்று சில நேயர்கள் கேட்கக் கூடும். போதாது என்பதே நமது அபிப்பிராயம். குழாயை மூடு என்பது உபதேசம். எந்தக் குழாயை மூடினால் எவ்வளவு மிஞ்சும், அதற்கு என்ன செலவாகும், அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்பவை கணக்கு. உபதேசம் மாரிக்காலம் வந்தவுடன் மறந்துபோகும்; கணக்கு மறக்காது.

ஆகையால் பரீட்சைக்குப் போகிறவர் முதலில் அளவைகளில் தேர்ச்சி பெறவேண்டும். அங்கே தண்ணீரைக் காலன் கணக்கில் அளக்கிறார்கள். காலன் என்றதும் பயப்பட வேண்டாம்; எருமை வாகனத்தில் வருகிறவனை நாம் சொல்லவில்லை. அமெரிக்கக் காலன் என்பது 3.785 லிட்டர். வீட்டு மீட்டரோ கன அடியில் ஓடுகிறது. நூறு கன அடிக்கு 748 காலன். ஏரியில் இருக்கும் நீரை ஏக்கர்-அடியாகக் கணக்கிடுவார்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர், அதாவது 3,25,851 காலன். இறைக்கும் யந்திரம் நிமிஷத்துக்கு இத்தனை காலன் என்று பேசும். சட்டமோ நபருக்கு ஒரு நாளைக்கு இத்தனை காலன் என்று பேசும். இத்தனை பாஷைகளையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடுமாறாமல் மாற்றத் தெரிந்தவனே இந்தத் தொழிலுக்கு லாயக்கானவன்.

அடுத்தபடியாக வீட்டுக்குள் நுழையவேண்டும். அமெரிக்க வீடுகளில் தண்ணீர் எவ்விதம் செலவாகிறது என்று 1999-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் இரண்டு பெரிய ஆராய்ச்சிகள் வெளியாயின. பிந்திய ஆராய்ச்சியின்படி வீட்டுக்குள் செலவாகும் நீரில் 24 சதவிகிதம் கழிப்பறைக்கும், 20 சதவிகிதம் குளிக்கும் பூங்குழாய்க்கும், 19 சதவிகிதம் மற்றக் குழாய்களுக்கும், 17 சதவிகிதம் துணி துவைக்கும் யந்திரத்துக்கும் போகின்றன. ஒருவருக்கும் பயன்படாமல் ஒழுகிப் போவது 12 சதவிகிதம்! ஆனாலும் ஒரு வீட்டில் நாளொன்றுக்கு உள்செலவு 177 காலனிலிருந்து 138 காலனாக, அதாவது 22 சதவிகிதம், இந்த இடைக்காலத்தில் குறைந்திருந்தது. மக்கள் திடீரென்று ரிஷிகளாகிவிட்டதனால் இது நேரவில்லை. அவர்கள் வீட்டுச் சாமான்கள் மாறிவிட்டன, அதுதான் காரணம்.

1992-ஆம் ஆண்டில் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து, புதிதாகச் செய்யப்படும் கழிப்பறைத் தொட்டி ஒரு தடவைக்கு 1.6 காலனுக்கு மேல் கொட்டக் கூடாது என்று விதித்தது. அதற்கு முன்னர் 3.5 காலன் கொட்டும் தொட்டிகளும், அதற்கும் முன்னர் 5 காலனுக்கு மேல் கொட்டும் தொட்டிகளும் சர்வ சாதாரணம். பின்னர் 1.28 காலனில் வேலையை முடிக்கும் தொட்டிகளும் வந்துவிட்டன. நாலு பேர் உள்ள குடும்பத்தில் ஒவ்வொருவரும் தினம் ஐந்து தடவை உபயோகிப்பதாக வைத்துக்கொள்வோம். 3.5 காலன் தொட்டியை எடுத்துவிட்டு 1.28 காலன் தொட்டி வைத்தால், தினம் 44 காலன், அதாவது 168 லிட்டர் மிஞ்சும். இப்படிப் பதினாயிரம் வீடுகளில் மாற்றினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 497 ஏக்கர்-அடி. ஒரு சின்ன ஏரியை வெட்டாமலேயே வெட்டியது போலாகும். இத்தகைய கணக்கைப் பென்ஸிலும் காகிதமுமாகப் போட்டுக் காட்டத் தெரிவதே பரீட்சைக்கு வேண்டிய பயிற்சி.

வீட்டைவிட்டு வெளியே வந்தால் தோட்டம். வறண்ட தேசமாகிய கலிபோர்னியாவில் பசும்புல் தரையின்மீது ஜனங்களுக்கு இருக்கும் மோகம் சொல்லி முடியாது. செடிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைத் தோட்டக்காரனுடைய கை சொல்லக் கூடாது; வானம் சொல்லவேண்டும். மண்ணிலிருந்து ஆவியாகப் போவதும் இலைகளின் வழியே செடி வெளிவிடுவதும் சேர்த்து எத்தனை அங்குலம் என்று தினந்தோறும் அளந்து சொல்வதற்காக 1982-ஆம் ஆண்டிலிருந்து அந்த ராஜ்யத்தில் வானிலைக் கருவிகள் பல இடங்களில் வேலை செய்துவருகின்றன. அந்த அங்குலத்தை 0.62 ஆல் பெருக்கினால் ஒரு சதுர அடிக்கு எத்தனை காலன் என்பது கிடைக்கும். ஆண்டுக்கு 50 அங்குலம் ஆவியாகும் ஊரில், 1,000 சதுர அடியில் புதிதாக வீட்டுத் தோட்டம் போடுகிறவருக்கு, விதிப்படி உள்ள 0.55 என்ற பங்கை வைத்துக் கணக்கிட்டால், ஆண்டொன்றுக்கு 17,050 காலன்தான் அனுமதி. புல்லாக வளர்த்தால் அது போதாது. வறட்சி தாங்கும் செடிகளை வைத்தால் தாராளமாகப் போதும். சட்டம் இன்ன செடியை வை என்று சொல்லவில்லை. கணக்கைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறது.

தெளிப்பான்கள் ஒழுங்காகத் தெளிக்கின்றனவா என்று பார்க்கும் முறை மிகவும் எளிமையானது. புல் தரையில் இருபது கிண்ணங்களைப் பரப்பி வைத்துச் சிறிது நேரம் தண்ணீர் விடவேண்டும். மிகக் குறைவாக நிரம்பிய ஐந்து கிண்ணங்களின் சராசரியை எல்லாக் கிண்ணங்களின் சராசரியால் வகுக்கவேண்டும். முந்தியது 12 மில்லி லிட்டர், பிந்தியது 20 மில்லி லிட்டர் என்றால் 60 சதவிகிதம். அதன் பொருள் என்ன? மூலையில் காய்ந்து நிற்கும் புல்லைக் காப்பாற்றுவதற்காகத் தோட்டம் முழுவதையும் குளமாக்க வேண்டியிருக்கிறது என்பதே. பந்தியில் கடைசி இலைக்கும் சாம்பார் போய்ச் சேரவேண்டுமென்று முதல் இலைகளில் வழிய வழிய ஊற்றுவது போன்றது இது.

இனி நகரசபையின் சொந்த வீட்டு விஷயத்துக்கு வருவோம். ஊராரைப் பார்த்துச் சிக்கனம் பேசுவதற்கு முன்பு, தன் குழாய்களில் எவ்வளவு ஒழுகுகிறது என்று நகரசபைக்குத் தெரியவேண்டும் அல்லவா? இதற்கென்று சர்வதேச முறையில் ஒரு வரவு செலவுத் திட்டம் வகுத்திருக்கிறார்கள். உள்ளே விட்ட நீர் ஒரு பக்கம். கணக்குப்படி செலவான நீர் மற்றொரு பக்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நஷ்டம். அந்த நஷ்டத்திலும் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, குழாய் வெடித்தும் தொட்டி வழிந்தும் நிஜமாகவே மண்ணுக்குள் போனது. மற்றொன்று, பயனாளிக்குப் போய்ச் சேர்ந்தும் கணக்கில் ஏறாதது; கிழட்டு மீட்டர் மெதுவாக ஓடினதாலும், குமாஸ்தா தவறாக எழுதினதாலும், திருட்டு இணைப்பாலும் ஏற்படுவது.

இவ்விரண்டையும் ஒரே விலையில் மதிக்கலாகாது என்பது பரீட்சைக்குப் போகிறவர்கள் தெளிந்துகொள்ள வேண்டிய நுட்பம். பால்காரனுடைய பாத்திரம் ஒழுகினால் அவனுக்கு நஷ்டம் பாலின் அடக்க விலை. பாலை ஊற்றிவிட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுத மறந்தால் நஷ்டம் விற்பனை விலை. தண்ணீருக்கும் அப்படியே. மீட்டரைச் சரிசெய்தால் நகரசபையின் கஜானா நிரம்பும், ஏரி நிரம்பாது. குழாயை அடைத்தால்தான் ஏரியில் தண்ணீர் நிற்கும். இரண்டும் வேண்டியவையே, ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாறக் கூடாது.

ஒழுக்கிலும் ஜனங்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. நடுவீதியில் குழாய் வெடித்து ஆகாசத்தை நோக்கிப் பீச்சி அடித்தால் எல்லோரும் கூடி ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள். நிமிஷத்துக்கு 50 காலன் வீதம் அது ஒரு நாள் முழுதும் ஓடினாலும் நஷ்டம் 72,000 காலன். யார் கண்ணிலும் படாமல் பூமிக்குள் நிமிஷத்துக்கு 5 காலன் வீதம் ஓர் ஆண்டு கசிந்தால் நஷ்டம் 26,28,000 காலன்! வெடித்ததைவிட 36 மடங்கு. ஊரெல்லாம் தூங்கும் வேளையில் குழாயில் ஓட்டம் எவ்வளவு என்று அளந்தால் இந்தக் களவு வெளிப்படும். அந்த நேரத்தில் குளிப்பவர் யார், துவைப்பவர் யார்? அதன் பிறகு ஒலி கேட்கும் கருவியைக் குழாயின்மீது வைத்து, வைத்தியர் நெஞ்சைச் சோதிப்பது போல், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். குழாயின் அழுத்தத்தைக் குறைத்தாலே கசிவும் குறையும் என்பது இதைச் சார்ந்த மற்றொரு பாடம்.

பெரிய ஆஸ்பத்திரிகளிலும் காரியாலயங்களிலும் காற்றைக் குளிர்விக்கும் கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றில் சுற்றும் நீர் ஆவியாக ஆவியாக உப்பு மிகுந்துகொண்டே வரும். மிகுந்ததை வெளியேற்றிப் புதுநீர் விடவேண்டும். உப்பு மூன்று மடங்கு ஏறியவுடன் வெளியேற்றுகிறவர், தக்க மருந்து சேர்த்து ஆறு மடங்கு வரையில் பொறுத்திருந்தால், புதிதாக விடவேண்டிய நீர் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெகு காலமாக யாரும் எட்டிப் பாராத மொட்டைமாடியில் இருக்கும் இத்தகைய லாபத்தைக் கண்டுபிடிப்பதும் இந்த நிபுணரின் வேலையே.

சட்டமும் படிக்கவேண்டும். தண்ணீரை வீணாக்கலாகாது, நியாயமாகவும் பயன்படும் வகையிலும்தான் உபயோகிக்கவேண்டும் என்று கலிபோர்னியாவின் அரசியல் அமைப்பிலேயே 1928-ஆம் ஆண்டில் எழுதிவைத்தார்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-க்குள் நகரங்களின் தலைவீதச் செலவை 20 சதவிகிதம் குறைக்கவேண்டும் என்றது. கொடிய வறட்சி ஏற்பட்ட 2015-ஆம் ஆண்டில் ஏப்ரல் 1-ந் தேதியன்று கவர்னர் ஜெர்ரி பிரௌன், நகரங்கள் 25 சதவிகிதம் குறைத்தே தீரவேண்டும் என்று உத்தரவிட்டார். ஜனங்கள் 24 சதவிகிதத்துக்குச் சற்று மேலேயே குறைத்துக் காட்டினார்கள். வீட்டுக்குள் செலவாகும் நீருக்கு நபருக்கு நாளொன்றுக்கு 55 காலன் என்றிருந்த அளவை, 2022-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 முதல் 47 காலனாகவும், 2030 முதல் 42 காலனாகவும் குறைத்தது. அதிகம் செலவழிப்பவருக்கு அதிக விலை என்று படிப்படியாக உயரும் கட்டணம் விதிப்பதிலும் ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு படியின் விலையும் உண்மையான செலவுக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்று ஸான் ஹுவான் காபிஸ்ட்ரானோ நகரத்தின் வழக்கில் 2015-ஆம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டில் தீர்ப்பாகியது.

இவ்விடத்தில் ஒரு தர்மசங்கடம் பிறக்கிறது. ஜனங்கள் சொன்னபடி கேட்டுத் தண்ணீரைக் குறைத்தால் நகரசபையின் வருமானமும் குறைகிறது. குழாய்க்கும் யந்திரத்துக்கும் வாங்கிய கடன் குறையவில்லை. ஆகவே விலை ஏறுகிறது. "சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனையா?" என்று வீட்டுக்காரர் கோபித்துக்கொள்கிறார். கோபம் நியாயமானதே. இதற்கு மழுப்பாமல் விடை சொல்லத் தெரியவேண்டும். கொலராடோ ராஜ்யத்தில் உள்ள வெஸ்ட்மினிஸ்டர் நகரத்தார் இந்தக் கேள்வியை எடுத்து ஆராய்ந்து, 2013-ஆம் ஆண்டில் விடை கண்டார்கள். 1980 முதல் 2010 வரையில் அங்கே தலைவீதச் செலவு 21 சதவிகிதம் குறைந்திருந்தது. குறையாமல் இருந்திருந்தால் புதிய ஏரியும் குழாயும் சுத்தி நிலையமும் தேடவேண்டியிருந்திருக்கும். கட்டணமும் ஏறக்குறைய இரு மடங்காக உயர்ந்திருக்கும். விலை ஏறியது உண்மை. ஆனால் ஏறவேண்டிய அளவுக்கு ஏறவில்லை. கண்ணுக்குத் தெரியாத இந்த லாபத்தைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுவது எளிதன்று.

கணக்கும் சட்டமும் தெரிந்துவிட்டால் காரியம் நடந்துவிடுமா? லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் கிழக்குப் பகுதியில் மெக்ஸிகோ வம்சத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே தாய்மார்கள் கூடி ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். 1990-களின் ஆரம்பத்தில், தண்ணீர் குறைவாகக் கொட்டும் தொட்டிகளை வீடு வீடாக விநியோகிக்கும் பொறுப்பை அவர்கள் ஏற்றார்கள். தெருவில் உள்ளவர்களுக்கே அதில் வேலையும் கிடைத்தது. கிடைத்த பணத்தைக் குழந்தைகளின் நலத்துக்குச் செலவழித்தார்கள். அதிகாரிகள் அச்சடித்து அனுப்பிய துண்டுப் பிரசுரத்தைக் குப்பையில் போட்டவர்கள், பக்கத்து வீட்டு அம்மாள் வந்து சொன்னதும் கதவைத் திறந்தார்கள். அந்நகரத்தின் ஜனத்தொகை 1970-க்குப் பிறகு பத்து லட்சத்துக்கு மேல் பெருகியும், தண்ணீர்ச் செலவு பெருகாமல் நின்றதென்றால், அதில் இம்மாதிரி தாய்மார்களுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பரீட்சைக்குப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நாம் சொல்லக் கூடிய யோசனை இது. புத்தகங்கள் இருக்கின்றன. ஏமி விக்கர்ஸ் என்ற அம்மையார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூல் பிரசித்தமானது. நீர்த் தணிக்கையைப் பற்றி மேற்சொன்ன சங்கம் வெளியிட்ட எம்.36 என்ற நூலும் அவசியம். ஆனால் பக்கங்களை உருப்போட்டுப் பயனில்லை. மீட்டர் பார்க்கும் சிப்பந்தியுடன் ஒரு நாள் நடந்து பாருங்கள். ஒரு தோட்டத்தில் கிண்ணங்களை வைத்துப் பாருங்கள். உங்கள் ஊர் நீர்த் தணிக்கையின் ஒரு பிரதி கிடைத்தால், அதை விடை பார்க்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் உள்ள பொருள் விளங்கிவிட்டால் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் விடை வரும்.

நம் தேசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று இந்திய சர்க்காரின் கைந்நூல் அளவு குறித்திருக்கிறது. அமெரிக்கக் குடும்பம் ஒன்று கழிப்பறைத் தொட்டியை மாற்றி மிச்சப்படுத்தும் 168 லிட்டர், இதைக் காட்டிலும் அதிகம்! ஆகையால் அங்கே எழுதிய விடையை இங்கே அப்படியே காப்பியடிக்க முடியாது. 2019-ஆம் ஆண்டில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஜலம் வந்தபோது, குடத்துடன் லாரிக்குக் காத்து நின்ற பெண்மணியிடம் போய்ச் சிக்கனத்தைப் பிரசங்கம் செய்வது பாபம். அவளைவிடச் சிக்கனக்காரி யார்? யாரிடம் மிச்சம் இருக்கிறதோ அவரிடம்தான் மிச்சப்படுத்தச் சொல்லவேண்டும். அந்த மிச்சம் எங்கே இருக்கிறது என்பதை அளந்து காட்டுகிறவனே நாட்டுக்கு வேண்டியவன். நமது வாலிபர்களும் யுவதிகளும் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டு, நம் ஊர்க் குழாய்களுக்கும் நம் ஊர்க் குடங்களுக்கும் தக்கபடி கணக்கை அமைத்துக் கொடுத்தால் அது சிறந்த தேச சேவையாகும்.

மீட்டர் உள்ள வீடுகளில் இருக்கும் நேயர்கள் ஒரு சிறு பரீட்சையை இன்றிரவே நடத்திப் பார்க்கலாம். படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் தொடுமுன் மறுபடியும் பாருங்கள். எண் மாறியிருந்தால் வீட்டில் எங்கேயோ ஒழுகுகிறது. கழிப்பறைத் தொட்டியில் சிறிது சாயத்தைக் கரைத்துவிட்டுக் கால்மணி கழித்துப் பாருங்கள். தண்ணீர் விடாமலேயே கீழே சாயம் இறங்கியிருந்தால் கள்ளன் அங்கேதான் இருக்கிறான். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் சொட்டும் குழாய்கூட ஆண்டுக்கு 3,000 காலனுக்கு மேல், அதாவது பதினோராயிரம் லிட்டருக்கு மேல் வீணாக்கும். அதை நிறுத்துவதற்குப் பெரும்பாலும் ஒரு சின்ன வாஷர் போதும். இந்தப் பரீட்சையில் தேறினால் சர்ட்டிபிகேட் வராது. ஆனால் தொட்டியில் தண்ணீர் இருக்கும்.